அளவு ஜாக்கெட்டும் கொம்பு ஹேண்டிலும்

– பாய், சிரிக்காத. அளவு இல்லாம ஹேண்டிலு தர மாட்டேன்னு நீதான சொன்ன? கொண்டாந்துட்டேன்.

– ரவி, நான் கேட்டது தோள் அளவு. நீ இன்னாடான்னா பொஞ்சாதி ஜாக்கெட்ட கட்டப்பைல மடிச்சி எட்தாந்துகீற!

– அளவு ஜாக்கெட்டு பாய். டைலர்கிட்ட வினிதா குடுக்கறதே இத்ததான். இதுல இல்லாத அளவா?

– கொருக்குப்பேட்டைல முப்பது வருசமா சைக்கிள் கட வெச்சிகினுகீறேன். செயினு வந்துகீது, பெடலு வந்துகீது, ஒருத்தன் ஆட்டுக்குட்டியக்கூட கட்டிட்டு போய்கீறான். ஜாபர் கடைக்கு ஜாக்கெட்டு வந்தது இன்னிக்குத்தான், நைனா.

– அவள இட்டார முடியாது பாய். சைக்கிள வித்துடுன்னு சொல்ட்டா. விக்கத்தான் போறேன்னு பொய் சொல்லி தள்ளிகினு வந்துகீறேன்.

– விக்கறதா! போன மாசந்தான வினிதா நெல்லூர் தாண்டி மிதிச்சிட்டு வந்துச்சின்னு காசிமேடே மெர்சலாய்ப் பேசிச்சி?

– அதுலதான் வந்துச்சி பேஜாரு. நானூறு கிலோமீட்டரு முடிச்சி எறங்குனா, ரெண்டு கையிலயும் சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் மரத்துப்பூட்ச்சி. நாலு நாள்ல சரியாப்பூடும்னு பாத்தோம். மார்க்கெட்ல வஞ்சிரம் வெட்டிகினுகீறா, வெரல்ல கத்தி பட்டது அவளுக்கே தெர்ல. மீன் ரத்தம்னு நெனச்சி தண்ணி ஊத்தி கழுவிகினே கீறா. பக்கத்துல இருந்தவதான் கத்துனா.

– யா அல்லா!

– டாக்டரு, நரம்பு அமுங்கிகீது, கொஞ்ச நாளு ஓட்டாத, அப்பால ஹேண்டில மாத்தி பாருன்னாரு. இவ காதுல ‘ஓட்டாத’ மட்டும் வுழுந்துச்சி. மீன் வெட்ற கை போனா சோறு பூடும்ன்றா. நாயந்தான? ரெண்டு மாசத்துல அறநூறு கிலோமீட்டரு சைக்கிள் ரைடு கீது பாய். பேர் குடுத்துட்டா. இப்ப போவலன்றா. எப்டியாச்சும் கை நோவாத ஒரு ஹேண்டிலு குடு. அவ போவணும்.

– இரு, கூட்ஸு ரயிலு போவட்டும். காதே கேக்கல... ஆங், போய்ட்ச்சி. நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. பொண்டாட்டி சைக்கிள உட்டா போதும்டா சாமின்னு சொல்ற புருசனைத்தான் நான் பாத்துகீறேன். உனுக்கு இன்னா வந்துச்சி?

– நானும் அப்டி சொன்னவந்தான். அந்த நானூறுக்கு அவ பின்னாலயே போனேன் பாய். அவளுக்கு தெரியாது. பைக்க எட்துகினு, கண்ணுக்கு எட்ற தூரம் உட்டு.

– ராப்பகலாவா? இன்னாத்துக்கு?

– லாரியா ஓட்ற ரோடு, பயம். இன்னும் ஒண்ணு, உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. முடியாம எங்கனா குந்திடுவா, அள்ளிப் போட்டுகினு வந்துர்லாம், இத்தோட இந்தக் கிறுக்கு தெளியும்னு ஒரு நெனப்பு.

– குந்துச்சா?

– எங்க குந்துனா! பெரிய பெரிய வண்டில வந்த பசங்கோ ஓரமா நிறுத்தி வாந்தி எட்துகினு கீறானுங்கோ. இவ ஒரு வாழப்பழத்த உரிச்சா, தின்னா, போய்கினே கீறா. விடியக்காத்தால திரும்பி தடா ஊருகிட்ட வர்றோம். எதுர் காத்து. என் பைக்கே ஆடுது பாய். அவ குனிஞ்சி, அந்த ஹேண்டிலு கொம்பு மேல ரெண்டு கையும் வெச்சிகினு, அசையாம போறா. லாரிக்காரன் ஒருத்தன் ஆரன் அடிக்காம ஒதுங்கிப் போறான். நாரைங்க கூட்டமா எந்திரிச்சி அவ தல மேலயே பறக்குது. அவ நிமிந்துகூட பாக்கல. பதினாறு வருசம் ஒரே வூட்ல கீறோம். மீன் கூடையும் கத்தியுமாத்தான் நான் அவள பாத்துகீறேன். இவ யாரு, நம்ம வூட்டு பொம்பளையான்னு ஆயிட்ச்சி. ஓட்டிகினு கீறப்பவே ரெண்டு கையும் எட்து கும்புட்டுட்டேன். கட்டனவள!

– மாஷா அல்லா. எனுக்கே புல்லரிக்குது, நைனா. நான் கட வெச்சி இன்னா புண்ணியம், தண்டையார்பேட்ட தாண்டி மிதிச்சதில்ல. குடு அந்த ஜாக்கெட்ட. தோளு இங்க முடியுது, இங்க ஆரம்பிக்குது... தையல வெச்சி சரியா சொல்ல முடியாது. எலும்புக்கு எலும்பு அளக்கணும். ஆனா எப்டிப் பாத்தாலும் முப்பத்தெட்டு சென்டிக்கு மேல வராது. வண்டில மாட்டிகீறது நாப்பத்திநாலு. யாரு மாட்டுனது?

– நாந்தான். அந்த நானூறு கிலோமீட்டருக்கு மின்ன வாங்கிக் குடுத்தேன். பெருசா, பாக்க ஸோக்கா இருந்துச்சி...

– அது அய்யனார் தோளுக்கு ஆவும். கைய விரிச்சிகினே போனா கழுத்து, மணிக்கட்டு எல்லாம் இழுக்கும். தோள் அகலம் இருந்தா போதும். இந்தா, இத்த பாரு. முப்பத்தெட்டு. மின்னால நீட்டம் கம்மி, அதனால எட்டி எட்டி புடிக்க வோணாம். கீழ எறக்கமும் கம்மி, இடுப்பு ரொம்ப மடியாது. இது இன்னா மீனா, மோந்து பாக்கற?

– அப்ப அவ கைய கெடுத்தவனே நாந்தானா பாய்?

– பாதி நீ. மீதி எனுக்கே புரியல. வண்டி ஹேண்டில்ல சுத்திகீற இந்த டேப்ப பாரு. கொம்பு ஹேண்டிலுன்னா கை வெக்க நாலு எடம் கீது. மேல, வளைவுல, ப்ரேக் தலை மேல, கீழ கொம்புல. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா எடம் மாத்திகினே இருக்கணும், அதுக்குத்தான் அது அப்டி வளைஞ்சிகீது. இங்க இந்த ஒரே எடத்துலதான் தேஞ்சிகீது. மத்ததெல்லாம் புச்சு. நானூறு கிலோமீட்டரும் கைய நவுத்தவே இல்ல.

– அவளுக்கு தெரியாதோ என்னவோ...

– நாந்தான்டா கத்துக் குடுத்தேன்! முன்னூறு ஓட்டுனப்ப பியானோ வாசிக்கற மாதிரி மாத்தி மாத்தி புடிச்சேன்னு வந்து சொல்லிச்சி. இந்த தபா இன்னா ஆச்சி? அட, வாம்மா வினிதா. வா, வா.

– பாய், இந்தாளு வண்டிய வித்தாச்சா? யோவ், வண்டி விக்கப் போறவன் அளவு ஜாக்கெட்ட இன்னாத்துக்கு எட்தும்போற? டைலர் கடைக்கு கெளம்பிட்டு வூட்டையே பொறட்டிப் போட்டுட்டேன். மாடி வூட்டு மகிழினிதான் சொன்னா, அண்ணன் கட்டப்பைக்குள்ள வெச்சிகினு போச்சின்னு.

– திட்டாத மே. ஒரே ஒரு தபா இந்த ஹேண்டில புடிச்சி பாரு.

– நான்தான் வோணாம்னுட்டனே.

– நான் சொல்றேன்மா. வாங்க வோணாம், புடி. கண்ண மூடிக்க. கைய தானா வுட்டு, எங்க வுழுதோ அங்க புடி... எப்டி கீது?

– ...தோளு எறங்கிட்ச்சி பாய். மூச்சு உள்ள வரைக்கும் போவுது. சுண்டு வெரலு லேசா சுருக்குனுது.

– உசுரு வருதும்மா. இப்ப மேல புடி. வளைவுக்கு வா. கொம்புக்கு எறங்கு. பாத்தியா ரவி, மறக்கல! அப்பறம் இன்னாத்துக்கும்மா நானூறு கிலோமீட்டரும் ஒரே எடத்துல கைய வெச்சிகினு போன?

– ஒரு பைக்கு பாய். கும்மிடிப்பூண்டிலேந்து பின்னாலயே வந்துச்சி. சைலென்சர் ஓட்ட. தெரு மொனைல அந்த சத்தம் கேட்டா நான் வூட்ல தட்டு எட்து வெப்பேன். எனுக்கா தெரியாது?

– வினிதா...

– கைய எட்து ஒரு தபா ஒதறுனா போதும், ‘நோவுது பாரு, ஏறு வண்டில’ன்னு வந்து நிப்பாரு. அதான் ஒதறல. எரிஞ்சிச்சி, அப்பால குத்துச்சி, அப்பால ஒண்ணியுமே தெர்ல. அசைக்கல.

– தடாகிட்ட நான் உன்ன கையெட்து கும்புட்டேன் மே! சத்தியமா!

– எனுக்கு முதுவுலயா கண்ணு கீது?

– சரி. அறநூறுக்கு நான் வர்ல. வூட்டாண்டயே கீறேன். நீ கைய மாத்தி மாத்தி வெச்சிகினு நிம்மதியா போ.

– டாக்டரு சரின்னா நான் போறேன். பாய், அந்த முப்பத்தெட்ட மாட்டு. யோவ், உன்ன யாரு வராதன்னா? வா. பின்னால மட்டும் வராத, மின்னாடி போய் நின்னு நான் பாக்கற மாதிரி கும்புடு.