பத்தாவது ஆள் பேசுகிறேன்

மாலைக்குள் முகம் புதைந்திருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! முன்வரிசையை முந்திவந்து பிடித்த மூத்தோரே! வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்து நிற்கும் வீரத் தாய்மார்களே! ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது. பத்து வரை எண்ணத் தெரியும். தொழிலாளர் சட்டத்தைப் பற்றிப் பேச அது போதும்!

ஆற்றுப்பாலம் நடுவில் ஒடிந்த வருடம். டவுன் பஸ்ஸில் முதன்முதலாக ஒரு பெண் டிக்கெட் கிழித்த வருடம். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய வருடம். என்னம்மா, எந்தப் பக்கப் பல்லா? இருக்கிற பல்லை எண்ணிக்கொள் தாயே, சீக்கிரம் முடியும்!

அந்த வருடம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பத்துப் பேர் வேலை பார்த்தோம். பத்துப் பேர் இருந்தால் சட்டம் உள்ளே வரும். ஒன்பது என்றால் வாசலோடு திரும்பிவிடும். முதலாளியின் ஏட்டில் எத்தனை பேர்? ஒன்பதா? ஆகா, நீங்களும் அங்கேதான் வேலை பார்த்தீர்களா? ஏட்டில் இல்லாத அந்தப் பத்தாவது ஆள் நான்.

வெட்டு மெஷினுக்கு மூடி கிடையாது. அதில் நின்ற அக்காவுக்கு இரண்டு விரல் நுனி போயிற்று. லீவு கேட்டாள். "ஒம்பது பேர் இருக்கிற எடத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் கெடையாதும்மா" என்றார் முதலாளி. மறுநாளே கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றாள்.

மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார் லேபர் ஆபீசர். என்னை ஒளிக்க நேரமில்லை. ஆணியில் தொங்கிய தன் சட்டையை எனக்கு மாட்டி, தன் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார் முதலாளி.

"யாருங்க இவரு?"

"எங்க பெரியப்பா சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தாரு."

எனக்கு முப்பது வயது, முதலாளிக்கு நாற்பது! உறவுமுறையில் அப்படியும் அமைவதுண்டு என்று ஆபீசர் தலையாட்டிக்கொண்டார். ஏழு வருடம் நின்ற கால் அன்றுதான் உட்கார்ந்தது, ஐயா! உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் பெரியப்பா ஆகிவிட்டேன்.

"ஏன்டா, அந்தப் பொண்ணு கையில என்னடா கட்டு?"

"அது வந்து... பெரியப்பா..."

"மெஷினுக்கு மூடி எங்கடா? காயம் ஆறுற வரைக்கும் சம்பளத்தோட லீவு குடுத்தியா? உன்ன இப்படியாடா வளத்தோம்?"

முதலாளியின் பல் நறநறக்கிறது. வாய் மட்டும் சொல்கிறது: "சரிங்க பெரியப்பா. இன்னைக்கே செஞ்சிடுறேன்." ஆபீசர் அதை அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்!

மூடி வந்தது. அக்காவுக்கு லீவு வந்தது. மறுநாள் காலை என் வேலை போயிற்று. எங்கே போய்க் கேட்பேன்? சேர்த்ததே ஏட்டில் இல்லை, நீக்கியதை எந்த ஏட்டில் தேடுவேன்?

கேட்கிறேன்! தொழிலாளி கேட்டுக் கிடைக்காதது பெரியப்பா கேட்டால்தான் கிடைக்குமா? பத்துப் பேர் கையில் வடிந்தால்தான் ரத்தமா, ஒருத்தி விரலில் வடிந்தது தண்ணீரா? போதும் இந்தப் பத்துக் கணக்கு! சட்டத்தைத் திருத்துங்கள்! ஒற்றை ஆள் உழைக்கும் இடத்திலும் அது உள்ளே வரட்டும்! வந்து, எல்லா முதலாளிக்கும் பெரியப்பாவாக நாற்காலி போட்டு உட்காரட்டும்!

கைதட்டியது போதும், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கோந்து தடவிய அண்ணன் போய்விட்டார். மூட்டை கட்டிய மச்சான் போய்விட்டார். போன மாதம் அக்காவும் போய்ச் சேர்ந்தாள். ஏட்டில் இருந்த ஒன்பது பேரில் ஒருவரும் இல்லை. எமன் கையில் இருப்பதும் அதே ஏடுதான் போலிருக்கிறது! அதில் பேர் இல்லாமல் தப்பி, இந்த மேடையில் நின்று உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லிக் கும்பிடுகிற உயிர் ஒன்றே ஒன்று: பெரியப்பா!