சோப்பு டப்பாவில் சிவப்பு விளக்கு

— கதவைச் சாத்துங்க மச்சான். உங்க தங்கச்சி பக்கத்து ரூம்லதான் இருக்கா.

— எதுக்கு இவ்வளவு ரகசியம்? அட, இது என்னது... சோப்பு டப்பாவா?

— கம்ப்யூட்டர்.

— சோப்பு டப்பாக்குள்ள கம்ப்யூட்டர்! பதினஞ்சு வருஷமா ரிப்பேர் கடை வச்சிருக்கேன் மாப்பிள்ளை. மாசத்துக்கு நாலு பேராவது இந்தக் குட்டி போர்டைத் தூக்கிட்டு வந்துடுறாங்க. வீட்ல வேற வேலையே இருக்காதோ என்னவோ.

— சிரிக்காதீங்க. ஆறு மணிக்குள்ள இது ஓடியாகணும். இன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட் ஆரம்பிக்குது.

— சரி சரி. என்ன செய்யுது இது?

— பாப்பா மெத்தைக்கு அடியில எடை பார்க்கிற சின்னத் தகடு ஒண்ணு. மூச்சு விடும்போது லேசா அசையும்ல... பதினஞ்சு நொடி அசையலைன்னா இது கத்தும்.

— ஏழாம் மாசத்துல பொறந்த குழந்தை. அதுக்கு இதையா காவல் வச்ச?

— ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை மூச்சு நின்னுச்சே. நான் பார்த்தேனே.

— அங்க வச்சிருந்த மெஷினையே வாடகைக்குக் கேட்டிருக்கலாம்ல?

— மூணு வாரம் கண்ணாடிக்கு வெளியவே நின்னேன் மச்சான். கைக்கு ஏதாவது வேலை வேணும்போல இருந்துச்சு. அதான்... நானே செஞ்சேன்.

— போர்டு மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. என்கிட்டயே மூணு இருக்கு. ஒண்ணு மாடியில செடிக்குத் தண்ணி விடுது, ஒண்ணு பாட்டுப் போடுது.

— மூணாவது?

— எதுக்கு வாங்கினேன்னே மறந்துட்டேன். கத்துக்க ஆசைப்படுறவனுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. விலையும் மலிவு. புரோகிராம் தப்பா எழுதினா என்ன, செடி வாடும். மறுபடி எழுதிக்கலாம். ஆனா இங்க...

— சொல்லாதீங்க.

— சொல்லலை. திற அதை.

— இந்தச் சிவப்பு லைட்டைப் பார்த்துட்டுத்தான் உங்க தங்கச்சி படுக்குறா. எரிஞ்சா காவல் இருக்குன்னு நான்தான் சொல்லி வச்சேன்.

— இது கரண்ட் வருதுங்கிற லைட்டு. உள்ள உசுரு இல்லன்னாலும் எரியும். பக்கத்துல பச்சை சிமிட்டணும். சிமிட்டலையே... எத்தனை நாளா?

— நாலு.

— நாலு நாளா! அவகிட்ட சொல்லலை?

— எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வந்ததுல இருந்து இப்பதான் தூங்குறா. நான் முழிச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு மூச்சை எண்ணிட்டுக் கிடக்கேன். இன்னைக்கு ராத்திரி யாரு எண்ணுவா?

— மெமரி கார்டைக் குடு. என் லேப்டாப்புல போடுறேன்... ம். கார்டுல பதிவு எழுதிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிருக்கு. அதான் கார்டு கெட்டிருக்கு.

— கரண்ட் போறது சகஜம்தானே.

— நானும் இதே தெருவுலதான் இருக்கேன். இந்த வாரம் கரண்ட் போகவே இல்ல.

— நான்தான் வயரைப் பிடுங்கினேன்.

— என்னது?

— பொய் பொய்யாக் கத்துச்சு மச்சான்! ஒரே ராத்திரி ஆறு தடவை. அடிச்சுப் பிடிச்சு எழுந்து பார்ப்பேன், பாப்பா நல்லாத் தூங்கிட்டிருப்பா. ஏழாவது தடவை எழுந்திருக்கலை. கையை நீட்டிப் பிடுங்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். காலையில மாட்டினா... ஓடலை.

— பாப்பாவைப் பார்க்கவே இல்லையா நீ?

— அவ எழுந்து தூக்கினா. பால் குடுத்திருப்பா. பாப்பா அழுத சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் தூங்கினேன்.

— இரு... கடைசிப் பதிவு தேறிடுச்சு. இந்தா, நீயே படி.

— அசைவு இல்லை, பதினஞ்சு நொடி. எல்லாத் தடவையும் இதேதான் வரும்.

— முதல் ஆறுலயும் தகட்டு மேல எடை எவ்வளவு?

— பூஜ்யம்... பூஜ்யம்... எல்லாமே பூஜ்யம்.

— அப்ப குழந்தை தகட்டை விட்டு நகர்ந்திருக்கா. அது பொய் அலாரம்தான். ஏழாவது?

— ரெண்டு கிலோ நானூறு. தகட்டு மேலதான் இருந்திருக்கா. மச்சான், அப்படின்னா...

— கதவைச் சாத்திட்டு ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?

— ஒண்ணுமில்ல தங்கச்சி. லைட்டு கொஞ்சம்...

— அந்த லைட்டு சும்மா எரியுதுன்னு எனக்குத் தெரியும் அண்ணா.

— தெரியுமா? அப்ப நாலு நாளா நீ தூங்கினது?

— நீங்க தூங்கணுமேன்னு கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்.

— அன்னைக்கு ராத்திரி... நீ பால் குடுக்கத்தானே தூக்கின? சொல்லு. பால் குடுக்கத்தானே?

— பால் குடுக்கலைங்க. உதடு நீலமா இருந்துச்சு. உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி அழ வச்சேன். மறுநாள் தடுப்பூசின்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட ஓடினது அதுக்குத்தான். ஆஸ்பத்திரி மெஷின் அஞ்சு மணிக்கு வருது... அதையாவது பிடுங்காதீங்க.