முழு பாட்டிலை உடைக்க மறுத்த ஹயாத் பாஷா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பஜார் வணிகர் சுந்தரமூர்த்தி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மறைந்த ஹயாத் பாஷா அவர்களின் துணைவியார் குர்ஷித் அம்மா அவர்களே, கண்ணாடி மீட்பு மையத்தில் வேலை பார்த்த பதினோரு சகோதரிகளே, ஆம்பூர் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பதினோரு சகோதரிகள் என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். வந்திருப்பது ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் இப்போது ஷூ கம்பெனியில் இருக்கிறார்கள். அங்கே இரங்கல் கூட்டத்துக்கு என்று அரை நாள் லீவு கேட்க முடியுமா? ஏழு மாதத்துக்கு முன்பு மையத்துக்கு வந்த அரசு மானியம் நின்றது. அதோடு இவர்கள் சம்பளமும் நின்றது. மானியம் ஏன் நின்றது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் என் கை இருக்கிறது.

ஹயாத் பாஷா யார்? முப்பது வருடம் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவராக இருந்தவர். தோலை மேசையில் விரித்து, கட்டைவிரலால் ஒரு முறை தடவுவார். இது உண்ணி கடித்த தழும்பு, இது முள் கீறல், இது உரிக்கும்போது கத்தி பட்டது என்று சொல்லிவிடுவார். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. அவர் சொன்னால் முதலாளியும் மறு பேச்சு பேச மாட்டார்.

அப்படிப்பட்டவர் கண்ணாடிக்கு எப்படி வந்தார்? இதோ, முதல் வரிசையில் இருக்கும் செல்லம்மாள்தான் காரணம். பாலாற்றங்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது உடைந்த பாட்டில் ஒன்று அவர் பாதத்தைக் கிழித்துவிட்டது. வழியில் போன பாஷா தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்கு மாதம் புண் ஆறவில்லை. அந்த நான்கு மாதமும் பாஷா ஞாயிற்றுக்கிழமைதோறும் உடைந்த கண்ணாடி பொறுக்க ஒரு கோணியோடு ஆற்றுக்குள் இறங்கினார். ஒருவர் இறங்கினார், பின்பு இருவர், பின்பு பூட்டிக் கிடந்த ஒரு தோல் கிடங்கு மையமானது, பின்பு அரசின் கண்ணாடி மறுசுழற்சித் திட்டத்தில் மானியமும் கிடைத்தது.

மையத்தில் அவர் வேலை செய்த விதம் உங்களில் பலருக்குத் தெரியும். தோலைப் பார்த்த மாதிரியே பாட்டிலையும் பார்த்தார். பாட்டில் வாயைச் சுற்றி கட்டைவிரலை ஓட்டுவார். சில்லு பெயராமல் முழுசாக இருந்தால் ஒரு பக்கம். அது கழுவப்பட்டு சோடாக் கம்பெனிக்கும் ஊறுகாய் போடுகிறவர்களுக்கும் போகும். சில்லு பெயர்ந்தது, விரிசல் விட்டது இன்னொரு பக்கம். அது நிறம் பிரித்து, நொறுக்கி, உருக்கும் உலைக்குப் போகும். பெண்கள் எல்லோருக்கும் தோல் கையுறை உண்டு. அவருக்கு மட்டும் இல்லை. கையுறை போட்டால் விரலுக்குச் சில்லு தெரியாது.

மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்திருந்த செல்லம்மாள் ஒருநாள் கேட்டார்: “பாய், நீ மட்டும் இன்னாத்துக்கு வெறுங்கையில தடவற? எங்களுக்கும் கத்துக் குடேன்.”

“வேணாம்மா. சுண்ணாம்புலயும் உப்புலயும் முப்பது வருஷம் ஊறின விரலு இது. இதை அறுக்கணும்னா பாட்டிலுக்குத்தான் பேஜாரு.”

அன்று எல்லோரும் சிரித்தோம்.

பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் மையத்தின் எழுத்து வேலையை ஏற்றுக்கொண்டேன். மானியத்துக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் இரண்டே கட்டம்: சேகரித்த எடை, உலைக்கு அனுப்பிய எடை. எனக்கு முன் படிவம் எழுதியவர்கள் கழுவிக் கொடுத்த பாட்டிலையும் உலைக் கணக்கிலேயே சேர்த்து எழுதி வந்தார்கள். யாரும் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன்? ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். “உடைக்காமல் கழுவித் திரும்பக் கொடுத்தவை” என்று தலைப்பு எழுதினேன். பாதிக்கு மேல் அந்தக் கட்டத்தில்தான் வந்தது. இதைப் பார்த்தால் மெச்சிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்!

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் திட்ட அலுவலகத்துக்கு பாஷாவையும் என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். டீ கூட வாங்கிக் கொடுத்தார். “சார், மானியம் உலைக்குப் போகும் எடைக்குத்தான். கழுவித் திருப்பிக் கொடுப்பதற்குத் திட்டத்தில் தலைப்பே கிடையாது. உங்கள் எடை இலக்கில் பாதிகூட வரவில்லை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பாய், அதையும் உடைச்சு அனுப்பிடுங்க. இந்த வருஷமே சரி பண்ணிடலாம்” என்றார்.

பாஷா சொன்னார்: “முழுசா இருக்கறத எதுக்கு சார் உடைக்கணும்? நல்ல தோல கிழிச்சிட்டு, கழிவுத் தோலுன்னு எவனாவது எழுதுவானா?”

என் வகுப்பு உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு மாணவன் சரியான விடையை எழுதியிருக்கிறான். ஆனால் அந்தக் கேள்வி வினாத்தாளில் இல்லை. மதிப்பெண் பூஜ்யம். குற்றம் மாணவனுடையதா, வினாத்தாளுடையதா? பாஷா பத்து வருடமாகச் சரியான விடையை எழுதினார். அது கேட்கப்படாத கேள்வி என்று ஊருக்கெல்லாம் தெரியும்படி சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டியவன் நான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் அவரே பேசினார்: “வாத்தியாரே, உங்க கையெழுத்து சூப்பரு. அந்த ஆளு எழுத்துக்கூட்டாம படிச்சிட்டே போனாரு.” பின்பு சொன்னார்: “விடுங்க. நீங்க பொய் எழுதியிருந்தீங்கன்னாதான் எனக்கு வருத்தம்.”

அந்த மாதத்தோடு மானியம் நின்றது. பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்தான் போகச் சொன்னார். ஆனால் பாட்டில் வருவது நிற்குமா? தனியாக உட்கார்ந்து தரம் பிரித்தார். கண்ணுக்குத் தெரியும் உடைசலை முன்பே ஒதுக்கித் தரப் பெண்கள் இல்லாததால், ஒரு நாளைக்கு நூறு தடவியவர் ஐந்நூறு தடவினார். சென்ற மாதம் ஒரு சில்லு அந்தக் கட்டைவிரலை அறுத்துவிட்டது. சர்க்கரை வியாதி இருந்தவர். விரலில் இருந்த புண் கைக்கு ஏறியது. வேலூரில் மூன்று வாரம் படுத்திருந்தார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குர்ஷித் அம்மா, என்னை மன்னியுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் “அவர் பணி தொடரும்” என்றார்கள். என் மாணவன் இப்படி எழுதியிருந்தால், ‘எதைக் கொண்டு?’ என்று ஓரத்தில் எழுதியிருப்பேன். யார் தொடர்வார்கள்? கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. ஆற்று மணலில் மறுபடியும் கண்ணாடி பளபளக்கிறது. திட்டத்தில் ஒரு தலைப்பைச் சேருங்கள் என்று மூன்று மனு போட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது.

ஆகவே என்னால் தரக்கூடிய உறுதிமொழி சிறியது. நாளைக் காலை நான்காவது மனுவோடு சத்துவாச்சாரிக்குப் போவேன். அதில் அந்த மூன்றாவது கட்டத்தை மறுபடியும் போடுவேன். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனாலும் போடுவேன். ஹயாத் பாஷா செய்த வேலைக்கு வேறு பெயர் எழுத என் கை வராது.

பேச வருவதற்கு முன் எனக்கு ஒரு சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டு, இதோ இந்த பாட்டிலின் வாயைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தேன். சில்லு இல்லை என்றுதான் நினைக்கிறேன். சாக்பீஸ் மட்டுமே பிடித்த விரல் இது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

யாரிடம் காட்டிக் கேட்பது?