சிந்துஜாவின் இருமல்

பனியைப் பத்திப் புரொபசர் சொல்லிட்டாரு. கோட்டு, பூட்ஸ், குளிரு... எல்லாம் கேட்டாச்சு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போற முன்வரிசைப் புள்ளைங்களைப் பாத்தா இப்பவே நடுங்கற மாதிரி இருக்கு. போதும் கண்ணுகளா. அந்தக் குளிரைக் கொஞ்ச நேரம் கீழ இறக்கி வெச்சுட்டு, எங்கிட்ட இருக்கற ஒரு சின்னக் கதையைக் கேளுங்க. நான் படிச்சது அஞ்சாவது. அதனால கதையும் அஞ்சு நிமிசந்தான்.

போன வருசம் இதே காலேஜுல இருந்து டென்மார்க்குக்கு ஒரு பொண்ணு போச்சு. பேரு சிந்துஜா. என்ற அண்ணன் மக. இன்னிக்குப் பேச எங்கண்ணனைத்தான் கூப்பிட்டாங்க. அவரு மைக்கைக் கண்டா, மாட்டைக் கண்ட டவுன்காரர் மாதிரி ஒதுங்கிருவாரு. அதான் அத்தைக்காரி நான் வந்திருக்கேன்.

அங்க ஒரு வீட்டுல தங்கித்தான் படிக்கோணும். வீட்டுக்காரர் பேரு ஓலே. ஓலை இல்லீங்க, ஓலே. அறுபது வயசிருக்கும், நல்ல உசரம். முதல் நாளே வாசல்ல நின்னு சொல்லிட்டாரு... "அங்கிள் வேண்டாம், சார் வேண்டாம். எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. ஓலேன்னு கூப்பிடு."

சொல்றது சுலபம். வாய் வருமா? அறுபது வயசு மனுசரைப் புடிச்சு, மொட்டையா, "ஓலே, உப்பு குடு"ன்னு நம்ம வீட்டுப் பொண்ணுக்குச் சொல்ல வருமா? நானெல்லாம் கல்யாணம் ஆன நாள்ல இருந்து வீட்டுக்காரரை "ஏனுங்க"ன்னுதான் கூப்பிடறேன். சந்தையில கூப்பிட்டா அத்தனை ஆம்பளைகளும் திரும்பிப் பாக்கறாங்க. என்ற வீட்டுக்காரர் மட்டும் பாக்க மாட்டாரு.

சிந்துஜா என்ன பண்ணுச்சு தெரியுமா? பேரே சொல்லாமக் காலத்தை ஓட்டுச்சு. உப்பு வேணுமா... பக்கத்துல போய் நின்னு, "க்கும்." சாவி வேணுமா... "க்கும்." அவரு சோபாவுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தா, பின்னாடி நின்னு, "க்கும்... க்கும்."

அந்த மனுசர் என்னன்னு நினைப்பாரு? புள்ளைக்கு இருமல்னு நினைச்சுட்டாரு. சுடுதண்ணியில தேன் கலந்து குடுத்தாரு. இருமல் மிட்டாய் வாங்கி வெச்சாரு. கழுத்துக்கு மப்ளர் சுத்திவிட்டாரு. அப்பவும் நிக்கலைன்னு டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போயிட்டாரு. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "தொண்டையில ஒண்ணுமில்லை"ன்னு அனுப்பிட்டாரு.

ஒண்ணுமில்லையா? இருந்துச்சே... ஒரு பேரு மாட்டிட்டு இருந்துச்சே.

சிரிக்கறீங்க. ஓலேவுக்குச் சிரிப்பு வரலை. சீக்கு இல்லைன்னா, அப்ப இந்தப் பொண்ணுக்கு நம்மளைப் பிடிக்கலைன்னு முடிவு பண்ணிட்டாரு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட உக்காந்தவரு, தட்டைத் தொடாம மெதுவாச் சொன்னாராம்...

"சிந்துஜா, உங்க காலேஜ் ஆபீஸ்ல பேசிட்டேன். உனக்கு வேற வீடு பாத்துத் தர்றாங்களாம். உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கற வீடு. அங்க நீ சந்தோசமா இருப்பே."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. இத்தனை நாளா ஒரு தடவை கூட என்னை நீ கூப்பிடலை. பிடிக்காத வீட்டுல உன்னை உக்கார வெக்க எனக்கு மனசு வரலை."

புள்ளைக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அதுக்கு அந்த வீடு பிடிச்சிருந்துச்சு. அந்த மனுசரையும் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சதனாலதானுங்க பேரைச் சொல்ல வாய் வரலை... இதைப் போய் இங்கிலீசுல எப்படிச் சொல்றது?

"எங்க ஊர்ல பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூச்சமா இருக்கும்."

"அப்ப அந்த இருமல்?"

"இருமல் இல்லை. கூப்பிட்டேன்."

ஓலே நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுட்டாராம். அப்பறம் கேட்டாராம்... "அத்தனை தடவை என்னைக் கூப்பிட்டியா நீ?"

புள்ளை தலையை ஆட்டுச்சு.

"சரி, இப்பக் கூப்பிடு. எப்படி வருதோ அப்படி."

கண்ணை இறுக்க மூடிட்டு ஆரம்பிச்சுது. "ஓலே..." அதோட நிக்குமா நம்ம பக்கத்து நாக்கு? தானா ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. "ஓலேங்க."

"பின்னாடி அது என்ன வாலு?"

"வாலு இல்லை, துண்டு. எங்க ஊர்ல மரியாதைப்பட்டவங்க தோள்ல துண்டு போட்டுட்டுத்தான் வெளிய போவாங்க. பேருக்கும் அப்படி ஒண்ணு போடுவோம். அதான் 'ங்க'."

மறுநாள் காலையில மாடிப்படிக்குக் கீழ நின்னு ஓலே குரல் குடுக்கறாரு. நாக்குல சிக்கி, பல்லுல மாட்டி... "சிந்துஜா...ங்கா. காபி ஆறுது."

நாம அடுத்த வீட்டுத் தொட்டில் குழந்தையைக் கூட "வாங்க கண்ணு"ம்போம். நம்ம வீட்டுக் கழுதையை என்னன்னு கூப்பிடறோம்? அங்கங்க தலை குனியறது இங்க இருந்தே தெரியுது. எங்க வீட்டுல அந்தப் புள்ளைக்குப் பேரு "ஏ கொரங்கு." அதுக்கு ஒருத்தர் 'ங்க' போட்டுக் கூப்பிட்டா எப்படி இருக்கும்? பாதிப் படியில அப்படியே உக்காந்துருச்சாம். அன்னிக்கே ஓலே ஆபீசுக்குப் போன் போட்டு, வேற வீடு வேண்டாம்னுட்டாரு.

போற புள்ளைங்களே, இதை உங்களுக்குத்தான் சொல்றேன். அங்க போயி எதுக்கு ஆசைப்படறது? பனியைப் பாருங்க, ரயில்ல சுத்துங்க, போட்டோ எடுங்க, யாரு வேண்டாம்னா? அதெல்லாம் சீக்கிரம் பழகிரும். உங்க பாசை தெரியாத ஒரு மனுசர், உங்களுக்காக வாயைக் கோணி, உங்க வார்த்தை ஒண்ணைச் சொல்லிப் பாக்கற நாளு வரும். அதுக்கு ஆசைப்படுங்க. ஆனா அது தானா வராதுங்க. முதல்ல நீங்க வாயைத் திறக்கோணும். தப்பா வந்தா வரட்டும். நீங்க கூச்சத்துல முழுங்கறது, எதிர்ல இருக்கறவங்களுக்கு வெறுப்பாத் தெரியும்.

பின்னாடி மூக்கைச் சிந்திட்டு இருக்கற அம்மாமாருங்களே... புள்ளை போற இடத்துல யாரு இருக்கான்னுதான பயம்? போன் வருமான்னு நீங்க இங்க காத்துட்டு இருப்பீங்க. அங்கயும் ஒரு வீட்டுல ஒருத்தர் காதைக் குடுத்துட்டு உக்காந்திருப்பாரு... இந்தப் புள்ளை நம்மளை எப்பக் கூப்பிடுமோன்னு.

கூப்பிட்டுருங்க கண்ணுகளா. அவங்களைக் காக்க வெக்காதீங்க.