பசுவுக்கே தெரியாத பால்

தமிழ்செல்வி: துப்புங்க! ஏங்க, துப்புங்க முதல்ல!

சகாதேவன்: முழுங்கிட்டேனே... இன்னா டீ இது? வேப்பங்கொட்டைய ஊறவெச்ச தண்ணி மாதிரி...

தமிழ்செல்வி: போட்டது நீங்க. பால் பவுடர எந்த டின்ல இருந்து எடுத்தீங்க?

சகாதேவன்: மேல் தட்டுல... அய்யய்யோ.

தமிழ்செல்வி: பாப்பா கவிநிலாவோடதுங்க அது! எவ்ளோ போட்டீங்க?

சகாதேவன்: திக்கா இருக்கட்டும்னு... கொஞ்சம் ஜாஸ்திதான்.

தமிழ்செல்வி: அப்பாதுரை மெடிக்கல்ல சொல்லி மெட்ராஸ்ல இருந்து வரவழைக்கிறது. அடுத்த டின்னு நாளைக்குத்தான்.

சகாதேவன்: அதுவரைக்கும் தாங்குமா?

தமிழ்செல்வி: தாங்கும். நீங்க இன்னொரு டீ போடலன்னா.

சகாதேவன்: இந்தக் கருமத்தையா நம்ம பொண்ணு காலாட்டிக்கிட்டே குடிக்கிறா? அடேயப்பா... கால்ல விழுந்து கும்புடணும்.

தமிழ்செல்வி: அப்புறம் விழுங்க. பௌர்ணமி கிரிவலக் கூட்டம், பஸ்ஸெல்லாம் சுத்திக்கிட்டுப் போகும். இன்னிக்கும் நான் கீழ்பென்னாத்தூர் ஸ்கூல்ல போய் நிக்கலன்னா அங்க கெடச்ச வேலைய மறந்துட வேண்டியதுதான். பாட்டில் கலக்கிட்டேன், குடுத்துப் பாருங்க.

சகாதேவன்: வாடி ராஜாத்தி... ஆ காட்டு... துப்பிட்டா. இந்தா... மறுபடியும். சட்டையெல்லாம் அபிஷேகம்.

தமிழ்செல்வி: பசிதான் அவளுக்கு. விடாதீங்க.

சகாதேவன்: ருசிக்கு ரெண்டே சொட்டு பசும்பால்...

தமிழ்செல்வி: அந்தப் பேச்சே எடுக்காதீங்க! ஒரு சங்கு பாலுக்கு உதடு வீங்கி, ரத்தமா வெளிய போயி, வேலூருக்குத் தூக்கிட்டு ஓடுனது மறந்துடுச்சா?

சகாதேவன்: மறக்குமா... அந்த டாக்டரு சொன்னாரே, இது பால்ல இருக்கற புரதத்தையே பொடிப்பொடியா நறுக்கி செஞ்சதாம். பசுவே வந்து மோந்து பாத்தாலும் தன் பாலுன்னு தெரியாதாம்.

தமிழ்செல்வி: பசு நீங்க சேத்தது. உடம்புக்குத் தெரியாதுன்னுதான் சொன்னாரு.

சகாதேவன்: கண்ணுக்கே தெரியாதத எந்தக் கத்தியில நறுக்குனானோ, மகராசன்! ருசியையும் சேத்து நறுக்கிட்டான், அதான்... செல்வி, உன்கிட்ட மட்டும் எப்பிடிக் குடிக்கிறா?

தமிழ்செல்வி: கைராசி.

சகாதேவன்: நேத்து கேட்டப்ப பாட்டுன்ன.

தமிழ்செல்வி: பாட்டுந்தான்.

சகாதேவன்: நானும் பாடுனேன். அழுதா.

தமிழ்செல்வி: நீங்க பாடுனா நானே அழுவேன்.

சகாதேவன்: பால் பாட்டில கையில எடுத்தாலே என்னை வெளிய அனுப்பிக் கதவ சாத்துறியே, அது ஏன்?

தமிழ்செல்வி: நேரமாச்சிங்க...

சகாதேவன்: நீ பஸ் ஏறிட்டா சாயந்தரம் வரைக்கும் புள்ள பட்டினி. வெளையாடல செல்வி. நேரா சொல்லு.

தமிழ்செல்வி: ...மொதல்ல ஒரு ஸ்பூன் ஊத்தி நான் குடிப்பேன். அவ என் மூஞ்சியவே பாப்பா. தேன் மாதிரி சப்புக்கொட்டி சிரிப்பேன். அப்பதான் வாயத் தொறப்பா... ஒவ்வொரு தடவையும். நீங்க பக்கத்துல நின்னா எனக்கு சிரிப்பு வராது, அழுகதான் வரும்... இந்தாங்க ஸ்பூன். பாக்கறா பாருங்க... சிரிங்க.