அறுபதில் பாதி முப்பது

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்கு வருவதைக் குடித்துப் பழகிய நாக்குக்கு இது பாயசம். வீட்டில் என் மனைவி அழகியநாயகி வேறு சீனியைப் பாதியாக்கிவிட்டாள். சரி, உங்களுக்கும் வேலை இருக்கும், கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கொஞ்சம் வேதியியல் வரும். பயப்பட வேண்டாம், பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான். எங்கள் பொன்னுலிங்கம் முதலாளிக்கே கடைசியில் புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் வள்ளிநாயகம். தோவாளைக்குப் பக்கத்தில் ஊர். வயலைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், எனக்குச் சேறு ஒத்துக்கொள்ளாது. பொன்னுலிங்கத்தின் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். அவருக்கு ஆரல்வாய்மொழி ரோட்டில், பள்ளிக்குப் பின்னாலேயே, பழைய இரும்புக் கிடங்கு உண்டு, கன்னியாகுமரியில் ஐஸ் ஆலை உண்டு, இரண்டுக்கும் நடுவில் கல்வித் தொண்டும் உண்டு. தாளாளர் என்றுதான் அழைக்க வேண்டும். வாய் தவறி முதலாளி என்றால் இன்னும் குளிர்ந்துபோவார்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு கணக்குக் கேட்டிருந்தேன். மூடிய இரும்புக் கலனில் ஒரு வாயு. அறுபது டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் பத்து அட்மாஸ்பியர். முப்பது டிகிரிக்குக் குளிர்வித்தால் அழுத்தம் எவ்வளவு? வெப்பநிலை குறைந்தால் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், அது விதி. ஆனால் செல்சியஸை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டிக் கெல்வினாக மாற்றிக்கொள்ள வேண்டும். செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறைகிற இடம், அவ்வளவுதான். வாயு அங்கே ஒன்றும் அடங்கிவிடாது. அது அடங்குவதற்கு இன்னும் இருநூற்று எழுபத்து மூன்று டிகிரி கீழே போக வேண்டும். ஆகவே அறுபதிலிருந்து முப்பதுக்கு வந்தால் பத்து என்பது ஒன்பது சொச்சமாகும். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் தொண்டை வறள வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளியின் மகன் சுதீஷ் ஐந்து என்று எழுதியிருந்தான். நான் முட்டை போட்டேன். மறுநாளே தாளாளர் அறைக்கு அழைப்பு வந்தது.

"வாத்தியாரே, அறுவதுல பாதி என்னவாக்கும்?" என்றார்.

"முப்பது."

"பத்துல பாதி?"

"ஐந்து. ஆனால் இருநூற்று எழுபத்து மூன்றை..."

"அது எங்கேருந்து வந்துச்சு ஓய்? பையன் எழுதுனது சரியா இருக்கு, நீரு இடையில எதையோ கொண்டு கூட்டுதீரு. நம்ம குமரியில எந்தக் காலத்துல வே மைனஸ் இருநூத்தி எழுவத்தி மூணு வந்துருக்கு? எனக்க ஐஸ் பிளாண்ட்லயே வரல்ல."

மறுக்க முடியாத வாதம். ஐஸ் ஆலை வைத்திருக்கும் ஒருவரிடம் குளிரைப் பற்றி நான் என்ன பேசுவது? மதிப்பெண்ணைத் திருத்தச் சொன்னார், திருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் நான் மைக்கில் ஒத்துக்கொள்ள வேண்டுமாம். தலைமையாசிரியை சுனிதா என் கையைப் பிடிக்காத குறையாக, "சாரே, ரெண்டே ரெண்டு வரி சொல்லிட்டு எறங்கிருங்க, நமக்கும் பிள்ளகுட்டி இருக்கில்லியா" என்றார். ஏறினேன். "அறுபதில் பாதி முப்பது. நான் போட்ட மதிப்பெண் தவறு" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு 'அஞ்சு சாரு' என்று பெயர். நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்னால் யாராவது ஐந்து விரலைக் காட்டாத நாள் இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது, மேடம். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

சிரிக்காத பிள்ளை ஒருத்திதான். அபிதா. முதலாளியின் இரும்புக் கிடங்கில் வேலை பார்க்கும் கிளீட்டஸின் மகள். வகுப்பில் எழுந்து, "சார், அப்ப பப்ளிக் எக்ஸாம்ல எதப் போடணும்?" என்று கேட்டாள். "அங்கே கெல்வின் போடு. நம்ம காம்பவுண்டுக்குள்ளே மட்டும் செல்சியஸ் போடு" என்றேன். அவள் அதையும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதை முழுசாகப் புரிந்துகொண்ட பிள்ளை இத்தனை வருஷத்தில் அவள் ஒருத்திதான்.

பிறகு கிடங்குக்கு அந்தச் சிலிண்டர்கள் வந்தன. ஆரல்வாய்மொழியில் பழைய காற்றாலைகளைப் பிரித்து விற்கிறார்கள் அல்லவா, அவற்றின் பிரேக்குக்கு நைட்ரஜன் அடைத்த உருளைகள் உண்டு. இரும்பு கனமானது, தலையில் பித்தளை வால்வு. முதலாளிக்குப் பித்தளை மேல் ஒரு பிரியம். ஆனால் வால்வெல்லாம் களிம்பேறி இறுகிப்போயிருந்தன, உள்ளே எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படியே கழுத்தோடு திருகிக் கழற்றினால் என்ன ஆகும் என்று கிடங்கு ஆட்களுக்குப் பயம். முதலாளிக்கு அப்போதுதான் தன் கல்வித் தொண்டு நினைவுக்கு வந்தது. என்னைக் கிடங்குக்கு வரச்சொன்னார்.

"வாத்தியாரே, வெயில்ல கெடக்க இந்தச் சாமான் இப்ப அறுவது டிகிரி இருக்கும். நம்ம ஐஸக் கொண்டாந்து மூடிப்போட்டா ஆறுக்கு வந்துரும். அப்ப உள்ள இருக்கது பத்துல ஒண்ணுதான? பொறவு கழத்துனா என்ன, புஸ்ஸுனு போயிரும். உமக்க சட்டந்தான், சரியா?"

ஆட்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். சரியான கணக்கு என்னவென்று உங்களுக்கும் இப்போது தெரியும். முந்நூற்று முப்பத்து மூன்று கெல்வின் இருநூற்று எழுபத்து ஒன்பது ஆகிறது. குறைவது ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஐந்து பங்கு வால்வுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்கும். ஐஸ் போட்டாலும் போடாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"உங்கள் கணக்குப்படி சரிதான் முதலாளி" என்றேன்.

'உங்கள் கணக்குப்படி' என்பதை அழுத்தித்தான் சொன்னேன். மொழியைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு அதில் எல்லாம் இருந்தது. அவர் கவனிக்கவில்லை என்றால் நான் தமிழாசிரியர் இல்லையே.

கழற்றப் போவது முதலாளி இல்லை, கிளீட்டஸ் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதலாளி ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஐஸ் லோடு திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு. அன்று காலை தோவாளையில் பஸ் ஏறினேன். பூக்கூடைகளுக்கு நடுவே கிளீட்டஸ் இருந்தார். அபிதா ஸ்பெஷல் கிளாஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாள். என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"சாரே, எனக்க மொவ ராத்திரி முழுக்கக் கெடந்து அழுது கரையுதா. ஐசு வச்சாலும் அதுக்க அழுத்தம் கொறயாதாம். அப்பா தொடாதிய, தொடாதியங்குதா. பேப்பர்ல போட்டும் காட்டுனா, எனக்கு எங்க வெளங்குது? சாரு சொல்லுங்க. நெசந்தானா? நீங்க வேண்டாம்னா நான் தொடமாட்டேன். வேல போனாலும் வேண்டாம்."

உண்மையில் அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தானே நீங்கள் கேட்க விரும்புகிறீர்கள்? நிதானமாக யோசித்துப் பாருங்கள், மேடம். "வேண்டாம்" என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிளீட்டஸ் மாட்டேன் என்றிருப்பார். சிலிண்டர்கள் மூலையில் கிடந்திருக்கும். முதலாளி ஆட்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார். அறுபதில் பாதி முப்பது என்பது அவர் மண்டையில் சாகிறவரை அப்படியே இருந்திருக்கும். என் பாடம் பொய்யாகவே நின்றிருக்கும். அதை நிரூபிக்க எனக்கு வேறு ஆய்வுக்கூடம் யார் தரப்போகிறார்கள்?

"சின்னப் பிள்ளை, கிளீட்டஸ். பரீட்சைக்குப் படித்ததை வைத்துப் பயப்படுகிறாள்" என்றேன். "முதலாளி சொன்னதுபோல் நன்றாக ஐஸ் போட்டுவிட்டுக் கழற்றும்."

அந்த மனுஷனுக்கு முகம் தெளிந்துவிட்டது. "அத கேட்டாப் போதும் சாரே. பிள்ள வெறுதே கெடந்து பயப்படுதா" என்று சிரித்தார். இறங்கும்போது என் பையைக்கூட வாங்கி எடுத்துத் தந்தார். நல்ல மரியாதை தெரிந்த ஆள்.

மூன்றாம் பீரியடில் கிடங்குப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. வகுப்பு ஜன்னல்கள் அதிர்ந்தன. நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன். கூரைத் தகரத்தில் ஓட்டை. வால்வு மேலே போகிற வழியில் கிளீட்டஸின் முகம் இருந்திருக்கிறது. யாரோ தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஒரு இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார், வேட்டியெல்லாம் ஈரம்.

"வாத்தியாரே," என்றார், "தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேனே. ஆறுதான் காட்டிச்சு. பின்ன எப்படி?"

எத்தனை மாதமாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து, சுவரில் எழுதி, முதலிலிருந்து விளக்கினேன். அவசரப்படவில்லை. செல்சியஸின் பூஜ்யம், கெல்வினின் பூஜ்யம், இருநூற்று எழுபத்து மூன்று, கடைசியில் ஆறில் ஒரு பங்கு. முதலாளி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. தலையாட்டினார். கண்ணீர்கூட வந்தது அவருக்கு. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல வகுப்பு நான் எடுத்ததில்லை.

எழுதி முடித்துத் திரும்பினால் வாசலில் அபிதா நிற்கிறாள், யூனிஃபார்மோடு, எங்கள் பள்ளி ராஜி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு. பழக்க தோஷம், "சரிதானே அபிதா?" என்று கேட்டுவிட்டேன். எப்போதும் முதலில் பதில் சொல்கிற பிள்ளை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் நான் சொன்னதை அவள் அப்பா கிடங்குக்குப் போகிற வழியில் பள்ளி வாசலில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார், "சாரே சொல்லிட்டாரு மக்கா" என்று. உங்களிடம் அவள்தானே புகார் கொடுத்தாள்? தெளிவாகத்தான் சொல்லியிருப்பாள். அவள் எழுதும் விடைகளும் அப்படித்தான் இருக்கும்.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. வால்வு பறக்கும் என்று தெரியும், கிளீட்டஸ்தான் முன்னால் நிற்பார் என்று தெரியும், தெரிந்தே போகச் சொன்னேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் மனசில் உறுத்துகிறது, மேடம். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து பள்ளிக்கூடம் வரவில்லை. நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள், பாடம் நிறைய விட்டுப்போகிறது.