மேல்மாடிக்குப் போகும் மட்டி

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒருத்தி சொன்னாள்:

“எங்கட மேல்மாடியில வாடகைக்கு இருக்கிறவர் தினமும் ஒரு பை மட்டிச் சிப்பி வாங்கிக்கொண்டு வாறார். ஆனா சமைக்கிற மணமே வாறேல்லை. கதவும் எப்பவும் பூட்டு.”

“ஆரையோ ஒளிச்சு வச்சிருக்கிறாரோ?”

“அப்பிடி நினைச்சுத்தான் நேற்று தட்டித் திறக்கச் சொல்லி உள்ள போனனான். அறையை அடைச்சு ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதுக்குள்ள ரெண்டடி நீளத்தில, வயிறு ஊதுற பேத்தை மீன்! கொங்கோ ஆத்து மீனாம். பல்லு வளந்துகொண்டே இருக்குமாம், மட்டி ஓடு கடிச்சாத்தான் தேயுமாம்.”

“அதுக்கேன் கதவைப் பூட்டோணும்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அது நஞ்சு மீனாம். நான் களவெடுத்துக் கறி வச்சிடுவன் எண்டு பயந்தவராம்!”